இரண்டு நட்சத்திரத் திருஷ்டிப் பொட்டு

எங்கள் குடியிருப்புக்கு வாசல் ஆப் வந்தபோது அதைக் கொண்டாடிய ஒரே ஆள் நான்தான். மற்றவர்களுக்கு அது இன்னொரு தொல்லை. எனக்கோ புதுப் பொம்மை. எது புதிதாக வந்தாலும் அதிலுள்ள எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அம்பத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அதற்குச் சம்பளமே தருகிறார்கள். அடுத்தவர் எழுதிய நிரலில் ஓட்டை தேடுவது என் வேலை. இது தெரிந்துதான் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர், பணி ஓய்வுக்குப் பிறகு சங்கத்தையே முழுநேர உத்தியோகமாக்கிக்கொண்டவர், நிர்வாகிக்கான கடவுச்சொல்லை என்னிடம் கொடுத்தார். "நீ சின்னப் பொண்ணு. உனக்குத்தான் இதெல்லாம் வரும். நான் பட்டனை அமுக்குனா லைட்டு வேற எங்கயாவது அணையுது" என்றார்.

திருவேற்காட்டில் கோயிலைச் சுற்றி முளைத்திருக்கும் நூறு அடுக்குமாடிகளில் எங்களுடையதும் ஒன்று. தண்ணீர் லாரி, பார்சல் பையன்கள், இஸ்திரிக்காரர், வேலைக்கு வரும் பெண்கள் என்று நாள் முழுக்க கேட் திறந்து மூடிக்கொண்டிருக்கும். ஆப் வந்த பிறகு வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தோம். காவலாளியின் மேசையிலிருந்த டேப்லெட்டில் அதைத் தட்டினால் பச்சை எரியும். அதே நொடியில் அவர் வேலை செய்யும் வீடுகளுக்கு 'உங்கள் உதவியாளர் உள்ளே வந்துவிட்டார்' என்று செய்தி போகும். அம்மாவுக்கு ஆப்பில் பிடித்தது இது ஒன்றுதான். டிங் என்று சத்தம் கேட்டதும் பால் பாத்திரத்தை அடுப்பில் வைப்பாள். அக்கா படியேறி வருவதற்கும் டீ கொதிப்பதற்கும் சரியாக இருக்கும்.

அக்கா என்று நான் சொல்வது எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கி, வீடு பெருக்கித் துடைக்க வருகிறவரை. எங்கள் மாடியில் எங்கள் வீடு, எதிர் வீடு, கீழே தனியாக இருக்கும் ஒரு தாத்தா வீடு, மூன்றிலும் அவருக்குத்தான் வேலை. கரையான்சாவடிக்குப் போகும் வழியில் குடியிருந்தார். அவருடைய அப்பாவும் அம்மாவும் இந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். கணவர் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. முதல் நாள் எண் கொடுத்தபோது அக்கா கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது: "எங்கம்மா இதே எடத்துல சேத்துல நின்னுகினு நாத்து நட்டுச்சி, ஒருத்தன் பாஸ் கேக்கல. வூடு பெருக்க வர்றவளுக்கு நம்பரா? நல்லா கீது பாப்பா உன் ஆப்பு!"

அக்காவின் வேலையைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொன்னால் போதும். கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை அவர் அளவு வாரியாக அடுக்கமாட்டார், அம்மா எதை முதலில் எடுப்பாளோ அந்த வரிசையில் அடுக்குவார். அம்மாவுக்கு மணிக்கட்டில் வாதம். கனமான குக்கரை அடியிலிருந்து இழுக்க வேண்டியிராமல் அது எப்போதும் ஓரத்தில், கைப்பிடி வெளியே பார்க்க இருக்கும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

வாயும் உண்டு. அதுவும் தாராளமாக.

ஆப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மதிப்பீடு. வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்தந்த வீட்டுக்காரர்கள் ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் போடலாம். சராசரி எல்லோருக்கும் தெரியும்; யார் எவ்வளவு போட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது, நிர்வாகியைத் தவிர. நிர்வாகி என்றால் நான். பெயர்களைப் பார்ப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, சராசரிகளை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆர்வமாக மேய்ந்துகொண்டிருந்தேன். வாரத்தில் பாதி நாள் வராத கார் துடைக்கும் ஆளுக்கு நான்கரை. செடிக்கு ஊற்றும் தண்ணீரில் பாதியைக் கீழ்வீட்டு பால்கனிக்கு ஊற்றும் தோட்டக்காரருக்கு நான்கு. அக்காவுக்கு ஒன்றரை.

ஒன்றரை! எங்கள் குடியிருப்பிலேயே மிகக் குறைவு.

வேலையில் இப்படி ஒரு எண்ணைப் பார்த்தால் முதலில் நிரலைத்தான் சந்தேகப்படுவேன். ஆப்பின் கணக்கில் தவறா என்று பார்த்தேன், இல்லை. தாமதமாக வருகிறாரோ? வருகைப் பதிவைத் திறந்தேன். ஒரு நாள் போல ஒரு நாள், கடிகாரம் தோற்கும். ஏதாவது காணாமல் போனதாகப் புகாரா? அப்படி ஒன்றும் இல்லை. மிஞ்சியது அவருடைய வாய்தான். எதிர் வீட்டுப் பெண்மணி குளியலறையில் போட்டு வைத்திருந்த துணிமலையைப் பார்த்து, "இன்னாமா, ஊர்ல கீற துணியெல்லாம் இங்கதான் வந்துக்குதா?" என்று அக்கா கேட்டது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண்மணி அதைக் கேட்டுச் சிரித்ததும் தெரியும். கீழ்வீட்டுத் தாத்தாவோ ஆப்பையே இறக்கிக்கொள்ளவில்லை.

பெயர்களைத் திறந்து பார்த்தால் ஒரே தட்டில் விடை கிடைக்கும். விரல் அந்தப் பொத்தான் வரை போனது. பெயர் தெரியாது என்று சொல்லித்தானே எல்லோரையும் போட வைத்தோம் என்று விரலை இழுத்துக்கொண்டேன். புதிருக்கு விடையைத் திருட்டுத்தனமாகப் புரட்டிப் பார்த்தால் அதில் என்ன சுவாரசியம் என்பதும் ஒரு காரணம். உண்மையைச் சொன்னால் பாதிக்குப் பாதி.

விடை அன்று மாலையே தானாக வந்து மடியில் விழுந்தது. "ஏட்டி, இந்தப் போன் படமே காட்ட மாட்டேங்கு, என்னன்னு பாரு" என்று அம்மா தன் போனை நீட்டினாள். வழக்கம்போல இடமில்லாமல் திணறிக்கொண்டிருந்தது. திறந்து கிடந்த ஆப்களை ஒவ்வொன்றாக மூடினேன். வாசல் ஆப்பில் அம்மா கடைசியாகப் பார்த்த பக்கம் அப்படியே நின்றது. அக்காவின் படம். கீழே மஞ்சளாக இரண்டு நட்சத்திரம். மீதி மூன்றும் வெறும் கோடு.

"அம்மா, இது நீ போட்டதா? தெரியாம அமுக்கிட்டியா?"

"தெரிஞ்சுதான் போட்டேன்."

"அக்காவுக்கா? ரெண்டா? ஏம்மா?"

அம்மா வெங்காயத்தை உரித்துக்கொண்டே, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள். "அஞ்சு போட்டேன்னு வையி. நாளைக்கே மேல் மாடிக்காரி கண்ணுல படும். 'ஆகா, நல்ல ஆளா இருக்காளே'ன்னு கூட ஆயிரம் ரூவா காட்டி இழுத்துட்டுப் போயிருவா. முன்னாடி வந்த பிள்ளை எப்படிப் போச்சு? நானே வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாம, லிஃப்ட்ல நின்னு 'அவ மாதிரி வராது'ன்னு பெருமை பேசுனேன். அடுத்த மாசமே நாலாம் மாடியில வேலை பாத்தா. நான் இந்தக் கைய வச்சுக்கிட்டு பட்ட பாடு உனக்குத் தெரியாது, நீ அப்ப ஹாஸ்டல்ல கெடந்த."

"அதுக்காகப் பொய்யா போடுறது?"

"பொய் என்னட்டி பொய். நீ பிறந்தப்ப கொழுகொழுன்னு இருந்த. கன்னத்துல இம்மாம் பெரிய மைப்பொட்டு வச்சேன். உன்னை அசிங்கமாக்கவா வச்சேன்? ஊரு கண்ணு படக் கூடாதுன்னு வச்சேன். இதும் அப்படித்தான்."

அம்மாவின் ஊரான தென்காசிப் பக்கம் நல்ல மாடு வைத்திருப்பவனிடம் "எவ்வளவு கறக்கும்?" என்று கேட்டால் "என்னத்த, ஏதோ கறக்கு" என்பானாம். அது பொய்யில்லை, மாட்டின் மீதுள்ள பிரியம் என்பது அம்மாவின் வாதம். எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் முதலில் வந்தது வியப்பு. எங்கோ கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து இந்த ஆப்பை வடிவமைத்தவர், நட்சத்திரம் குறைவென்றால் ஆள் மோசம் என்று நினைத்துத்தானே எழுதியிருப்பார்? அதை ஒருத்தி கரிப்பொட்டாக எடுத்து அப்புவாள் என்று அவருடைய எந்தச் சோதனையிலும் வந்திருக்காது. நானே சோதித்திருந்தாலும் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

அம்மா மட்டும்தானா என்று தெரிந்துகொள்ளும் ஆவல் பிடித்துக்கொண்டது. எதிர் வீட்டுப் பெண்மணி என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், பெரிய நிறுவனம் ஒன்றில் குழுத் தலைவி. ஒரு மாலை அவர் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது, நானும் எங்கள் துணியை எடுக்கும் சாக்கில் போனேன். சுற்றி வளைக்கத் தெரியாததால் நேராகவே கேட்டுவிட்டேன்.

"நம்ம அக்காவுக்கா? ஒண்ணு போட்டேன்," என்றார், கிளிப்பை வாயில் கவ்வியபடி.

"வேலை சரியில்லையா மேடம்?"

"சேச்சே. அவங்க இல்லாட்டி நான் வேலைக்கே போக முடியாது. அதனாலதான் ஒண்ணு." கிளிப்பை எடுத்துவிட்டுச் சிரித்தார். "ஜீரோ போட முடியல, இருந்தா போட்டிருப்பேன். உனக்கு இது புதுசா இருக்கா? ஆபீஸ்ல பாத்ததில்லையா? டீம்ல உயிர் குடுத்து வேலை செய்யறவனைப் பத்தி எந்த லீடும் வெளிய பெருமையா பேச மாட்டான். பேசுனா அடுத்த புராஜெக்ட்காரன் கேட்டு வாங்கிட்டுப் போயிடுவான். 'ஓகே, பரவாயில்லை'ன்னுதான் எழுதுவோம்."

போன முறை ஆண்டு மதிப்பீட்டில் எனக்கு என் தலைவர் எழுதியதும் 'பரவாயில்லை'தான். மறுநாள் அம்பத்தூர் அலுவலகத்தில் அவர் எதிரே உட்கார்ந்து ஏதோ விளக்கிக்கொண்டிருந்தபோது, நான் அவர் முகத்தை மட்டுமே ஆராய்ந்துகொண்டிருந்தேன். நான் உண்மையிலேயே சுமாரா, இல்லை அவருக்கு மிகவும் வேண்டியவளா? இன்றுவரை தெரியவில்லை. முதலாவதாகத்தான் இருக்கும். இருந்தாலும் இரண்டாவதை நினைத்துக்கொண்டால் சாயங்கால நெரிசலில் வண்டி ஓட்டுவது கொஞ்சம் எளிதாக இருக்கிறது.

இதுவரை எல்லாம் எனக்கு வேடிக்கை. வேடிக்கை முடிந்தது செயலாளர் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்ட ஓர் அறிவிப்பில். 'தரத்தை உயர்த்தும் நோக்கில், மூன்று நட்சத்திரத்துக்குக் கீழ் உள்ள பணியாளர்களின் அனுமதி அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து தானாக நிறுத்தப்படும்.' ஆப்பிலேயே அப்படி ஒரு வசதி இருந்தது. அவரே எப்படியோ கண்டுபிடித்து, எந்த விளக்கையும் அணைக்காமல், சரியாக அமுக்கியிருந்தார். கீழே இருபது கைதட்டல் பொம்மைகள். அதில் ஒன்று எதிர் வீட்டுப் பெண்மணி போட்டது. படிக்காமல்தான் போட்டிருப்பார்.

நான் அம்மாவிடம் ஓடினேன். "மாத்தும்மா. இல்லேன்னா அக்காவை கேட்டுலயே நிறுத்திருவாங்க. இங்க போச்சுன்னா கீழ்வீட்டுத் தாத்தா வேலையும் சேர்ந்துதான் போகும். அவங்களுக்கு வேற எங்கயும் வேலை கிடையாது."

அம்மா முகம் மாறியது. ஆனாலும் கேட்டாள்: "எதுத்த வீட்டுக்காரி மாத்திட்டாளா?"

"இல்ல."

"அவ ஒண்ணுல இருந்தா நான் அஞ்சு போட்டு என்ன ஆவப்போவுது? அவ முதல்ல மாத்தட்டும்."

உண்மையில் அம்மா ஐந்து போட்டிருந்தால் சராசரி மூன்றைத் தொட்டிருக்கும். கணக்கைச் சொன்னேன். "தொட்டு நிக்கும். நாளைக்கு நம்ம வீட்டுக்கு வாரவ பேசுனது பிடிக்காம கீழ்வீட்டுத் தாத்தாவும் ஆப்பை இறக்கி ஒரு ஒண்ணு போட்டா? அவளும் ஏத்தட்டும், நானும் ஏத்துதேன்," என்றாள். எதிர் வீட்டில் போய்ச் சொன்னேன். "கண்டிப்பா மாத்தறேன். உங்க அம்மா எவ்வளவு போடறாங்கன்னு பாத்துட்டு அதுக்கு ஒண்ணு கம்மியா போடறேன்," என்றார் அவர். இரண்டு பேருக்கும் அக்கா வேண்டும். இரண்டு பேரும் அடுத்தவர் முதலில் விரலை நீட்டட்டும் என்று காத்திருந்தார்கள்.

எனக்கு இன்னொரு வழி இருந்தது. நிர்வாகி பக்கத்தில் 'விதிவிலக்கு' என்று ஒரு பொத்தான். அதை அமுக்கினால் நட்சத்திரம் எதுவானாலும் பச்சை எரியும். யாருக்கும் தெரியாது. ஆனால் அமுக்கினால் என்ன அர்த்தம்? எங்கள் வீட்டுக்கு வருகிறவருக்கு மட்டும் கதவு, இதேபோல் அடிமட்டத்தில் கிடந்த வேறு இரண்டு பெண்களுக்குக் கிடையாது. அவர்களுடைய எண்ணிலும் இப்படி யாருடைய கரிப்பொட்டு இருக்கிறதோ? அமுக்காவிட்டால், சட்டம் சட்டம் என்று நான் சுத்தமாக நிற்பேன், அக்கா தெருவில் நிற்பார். வண்டியைப் பழுதுபார்க்க விட்டிருந்த ஒரு நாள், பூந்தமல்லிக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு இதையே யோசித்தேன். செயலாளரிடம் நடந்ததைச் சொல்லிவிடலாம் என்றால், யார் எவ்வளவு போட்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். அதிலும் பெற்ற தாயை. தேதி வருவதற்குள் இரண்டு பேரில் ஒருவராவது மனம் மாறுவார் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

முதல் தேதி காலை நான் வேலைக்குக் கிளம்பி வண்டியை கேட் வரை உருட்டிவந்தபோது அங்கே கூட்டம். டேப்லெட் சிவப்பாக எரிந்தது. அக்கா ஒரு கையில் பையும் மறு கையில் புடவைக் கொசுவமுமாக நின்றார்.

"இன்னா நைனா, நேத்து வரைக்கும் பச்சை காட்டுச்சி, இன்னிக்கு இன்னா கோவம் அதுக்கு?"

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வரும் காவலாளி தலையைச் சொறிந்தார். "என்னை இன்னாத்துக்கு கேக்குற? செவப்பு வந்தா உடாதன்னு சொல்லிக்கீறாங்க. உனக்கு ஸ்டார் கம்மியாம்."

"ஸ்டாரா? நான் இன்னா சினிமாலயா நடிக்கிறேன்?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. நடைப்பயிற்சி முடித்து பால் பாக்கெட்டோடு வந்த செயலாளர் பொறுமையாக விளக்கினார். "இது நாங்க போட்ட மார்க் இல்லம்மா. நீ வேலை செய்யற வீட்டுக்காரங்களே போட்டது. அவங்களுக்குத் திருப்தி இல்லேன்னா சங்கம் என்ன பண்ண முடியும்?"

அந்த ஒரு வாக்கியம் அக்காவை என்ன செய்தது என்று பார்த்தேன். வாசலில் தடுத்ததற்குச் சண்டை போட்டவர், இதைக் கேட்டதும் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாப்பா, அந்த மிசினை நீதான பாத்துக்கிறே. நம்ம ஊட்ல யாரும் எதுவும் சொன்னதில்லியே. எவங்க போட்டது? என் வேலையில இன்னா கொறைன்னு தெரிஞ்சா சரி பண்ணிக்கலாம்ல?"

"அதைச் சொல்லக் கூடாதுக்கா," என்றேன். எவ்வளவு மட்டமான பதில் அது! ஆனால் சரியான பதிலும் அதுதான். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று அந்த இடத்திலேயே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. போனை எடுத்தேன். விதிவிலக்குப் பக்கத்தைத் திறந்தேன். அமுக்கப் போகிறேன், பிறகு நடப்பது நடக்கட்டும் என்று முடிவுசெய்துவிட்டேன்.

"நாந்தான் போட்டேன்."

அம்மா. டிங் சத்தத்துக்காகக் காத்திருந்து, அது வராததால் இறங்கி வந்திருக்கிறாள். நைட்டியின் மேல் அவசரமாகப் போட்ட துண்டு. செயலாளர், காவலாளி, வேடிக்கை பார்த்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"நீயாமா?" என்றார் அக்கா. நம்பவில்லை.

அம்மா எல்லாவற்றையும் அங்கேயே சொன்னாள். முன்னால் வேலை செய்த பெண், நாலாம் மாடி, லிஃப்டில் பேசிய பெருமை, மைப்பொட்டு. நாலாம் மாடிக்காரர் கூட்டத்தில் இருந்தார். பாவம், போனைப் பார்ப்பது போல நின்றார். சொல்லச் சொல்ல அம்மாவின் குரல் இறங்கிக்கொண்டே போனது. வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டு சொன்னபோது அழகாக இருந்த நியாயம், கேட் வெளிச்சத்தில் அவ்வளவு நன்றாக இல்லை என்று அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

அக்கா கேட்டு முடித்தார். "அடப் பாவமே," என்றார். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் நின்றது. "டெய்லி டீ போட்டுக் குடுத்துகினு, 'ஒன் கை பட்டா பாத்திரம் பளபளங்குது'ன்னு சொல்லிகினு, போன்ல ரெண்டு குத்திக்கீறே! நான் வேற ஊட்டுக்குப் போயிடுவேன்னு பயந்துகினு கேட்டையே சாத்திட்டியேமா!"

அம்மா தன் போனை என்னிடம் நீட்டினாள். "அஞ்சு போடு."

"நீயே போடும்மா," என்றேன்.

கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வாதம் பிடித்த கையால் ஒவ்வொரு நட்சத்திரமாகத் தொட்டாள். அப்போதுதான் மடிக்கணினிப் பையோடு கீழே வந்த எதிர் வீட்டுப் பெண்மணி விஷயத்தைக் காவலாளியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவரும் அங்கேயே நின்று போனைத் தட்டினார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அம்மா எவ்வளவு போட்டாள் என்றும் கேட்கவில்லை. காவலாளி மறுபடி எண்ணைத் தட்டினார். பச்சை.

தானாக நிறுத்தும் வசதியைச் செயலாளர் அன்றே அணைக்கச் சொன்னார். "மார்க் போடறவங்களே நம்மளை ஏமாத்துனா என்னம்மா பண்றது," என்று என்னிடம் வருத்தப்பட்டார். அந்த வேறு இரண்டு பெண்களும் உள்ளே வந்தார்கள். அவர்களுடைய எண்களுக்குப் பின்னால் என்ன கதை என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. ஒருத்தி உண்மையிலேயே சுமாராகத்தான் வேலை செய்வாள் என்று கேள்வி.

ஐந்தும் ஐந்தும் சேர்ந்து முழு ஐந்தானதும் ஆப் தன் வேலையைக் காட்டியது. அக்காவின் பெயர் பட்டியலில் முதலிடத்துக்குப் போய், பக்கத்தில் ஒரு கிரீடம் முளைத்தது. அந்த வாரமே மூன்று வீடுகளிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. அக்கா பேரம் பேசினார், சும்மா இல்லை. பாத்திரம் மட்டும் என்றால் இவ்வளவு, துணியும் என்றால் இவ்வளவு, ஞாயிறு வரமாட்டேன். எங்களிடமும் வந்து அதே கணக்கைச் சொன்னார். அம்மா கூட்டித் தருகிறேன் என்றாள். எங்களால் முடிந்தது அது. மேல் மாடியில் முடிந்தது அதைவிட அதிகம். கடைசியில் கீழ்வீட்டுத் தாத்தாவையும் எங்களையும் விடாமல், எதிர் வீட்டை விட்டுவிட்டார். எங்கள் வீட்டுக்குக் காலையில் வருவது நின்றது. மேல் மாடி வேலையெல்லாம் முடித்துவிட்டு மத்தியானத்துக்கு மேல்தான் வருகிறார். அதுவரை எச்சில் பாத்திரம் தொட்டியில் கிடக்கும். அம்மாவின் கைக்கு முடியாத நாளில் நான் துலக்கிவிட்டுப் போவேன். குக்கரை ஓரமாகத்தான் கவிழ்க்கிறேன், ஆனால் கைப்பிடி எப்படியோ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறது.

சில வாரம் கழித்து, நான் வீட்டிலிருந்து வேலை செய்த ஒரு நாள், லிஃப்டில் அக்காவும் நானும் மட்டும் இருந்தோம். மேலே போய்க்கொண்டிருந்தார்.

"அக்கா, அம்மா மேல கோபமா?"

"கோவம் இன்னா பாப்பா. கேட்டாண்ட அத்தினி பேர் முன்னாடி 'நாந்தான்'னு சொல்லிச்சே. எதுத்த ஊட்டம்மா சொல்லிச்சா? அதான் உங்கூட்டை உடல."

கேட்காமல் இருக்க முடியவில்லை எனக்கு. "அம்மா முதல்லயே உண்மையா அஞ்சு போட்டிருந்தா?"

அக்கா யோசிக்கவே இல்லை. "போட்டிருந்தா அப்பவே மேல போயிருப்பேன். துட்டு சும்மாவா வருது? உங்கம்மா பயந்தது கரீட்டுதான். பண்ணதுதான் தப்பு." அவருடைய மாடி வந்தது. "வரட்டா பாப்பா, அந்தம்மா பேஜாரு. ஒரு நிமிசம் லேட்டானா போன் போட்டுகினே கீது."

நான் திரும்பக் கீழே இறங்கி எங்கள் வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மாவுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. லிஃப்டுக்குள் அக்கா பேசினால் எல்லா மாடிக்கும் கேட்கும்.

"அவகூடத்தான பேசிட்டு வார? என்ன சொன்னா?"

நீ பயந்தது சரி என்று சொல்லலாம். செய்தது தப்பு என்று சொல்லலாம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது அக்கா சொன்னது. ஆனால் அம்மா முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு வருடம் பேசுவாள் என்பது எனக்குத் தெரியும். கதவைச் சாத்தினேன்.

"ரெண்டு விஷயம் சொன்னாங்கம்மா," என்றேன். "முதல்ல ரெண்டாவதைச் சொல்றேன், உக்காரு."